பேட்டரிக்குள் இருக்கும் படலத்தை விட்டுவிட்டீர்களே

பாலிமர் படலங்களைப் பற்றிய கட்டுரையில் உணவுப் பொட்டலம், சோலார் பேனல், தொடுதிரை எல்லாம் வந்திருக்கின்றன. சரி, லித்தியம் அயன் பேட்டரியில் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைக்கும் படலமான செப்பரேட்டரை எப்படி விட்டீர்கள்? என்னைக் கேட்டால் முதலில் வர வேண்டியது அதுதான்.

பார்ப்பதற்கு வெறும் வெள்ளைத் தாள். பேட்டரிக்குள் இருக்கும் திரவமான எலக்ட்ரோலைட் பட்டதும் படலத்தின் நுண்துளைகளில் அது நிறைந்து, மறுபக்கம் தெரிய ஆரம்பித்துவிடும். செய்யப்படுவது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில்தான். தடிமன் பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரான். நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொள்ளாமல் தடுக்க வேண்டும், அதே சமயம் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் லித்தியம் அயனிகளைத் தாராளமாகப் போகவிட வேண்டும். 2019இல் வேதியியல் நோபல் பெற்ற அகிரா யோஷினோ 1980களில் உருவாக்கிய பேட்டரியிலும் பாலிஎத்திலீன் படலம் உண்டு.

அப்புறம் இதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. செல் சூடேறிச் சுமார் 130 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாலிஎத்திலீன் உருகித் துளைகள் அடைபடும், அயனி ஓட்டம் நின்றுபோகும். வெளியிலிருந்து யாரும் எதையும் அணைக்க வேண்டியதில்லை! ஆனால் வெப்பம் அதற்கும் மேல் ஏறினால் படலம் சுருங்கி, முனைகள் ஒன்றோடொன்று பட்டுவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் உருகுநிலை கூடிய பாலிபுரொப்பிலீனை இருபுறமும் வைத்து மூன்றடுக்காகச் செய்கிறார்கள், அல்லது வெப்பம் தாங்கும் பீங்கான் வகைப் பொருளான அலுமினாவைப் பூசுகிறார்கள்.

மின் ஸ்கூட்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் எத்தனை கிலோமீட்டர் ஓடும், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். மலிவு பேட்டரியில் இந்தப் படலத்தின் தரத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்று அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள்.