உப கொந்தராத்துக் காசு எங்கே நிற்கிறது?

அரச கட்டட வேலைகளில் உப கொந்தராத்து எடுத்தவர்கள், காசு இழுபடத் தொடங்கியதும் முதலில் போய் நிற்பது திணைக்களக் கணக்காளரின் மேசைக்கு முன்னால்தான். திருகோணமலையில் மாகாணத் திணைக்களங்கள் பல நகருக்குள்ளேயே இருப்பதால் அந்த அலைச்சல் இலகு, பயன்தான் குறைவு. திணைக்களம் ஒப்பந்தம் செய்திருப்பது பிரதான ஒப்பந்தகாரருடன் மட்டுமே என்பதால், கம்பி கட்டியவருக்கோ ஓடு பதித்தவருக்கோ நேரடியாகக் காசு கொடுக்கும் கடமை பொதுவாக அதற்கு இல்லை.

ஆகவே காசு எங்கே நிற்கிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். "பில் இன்னும் பாஸாகவில்லை" என்று பிரதான ஒப்பந்தகாரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். 2022 நெருக்கடியில் நிதி வராமல் பாதியில் நின்ற வேலைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். பில் பாஸாகி, அந்தக் காசு இன்னொரு வேலைத்தலத்தின் சீமெந்தாக மாறியிருக்கவும் கூடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பில்லுக்கு எந்தத் திகதியில் எவ்வளவு செலுத்தப்பட்டது என்று எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமலே கேட்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இந்த ஒரு கடிதத்தை எழுதாமல் மாதக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்சுவது எனக்கு விளங்குவதில்லை.

"முகம் முறிந்தால் அடுத்த வேலை கிடைக்காது" என்று காத்திருப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. வழக்குத் தொடரும் காலவரையறையைச் சொல்லும் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகளும் வாய்மொழி உடன்பாட்டுக்கு 3 ஆண்டுகளும் தருகிறது. ஆனால் உங்கள் கோரிக்கை வெறுமனே செய்த வேலைக்கான கூலி என்றோ, விற்றுக் கொடுத்த பொருளின் விலை என்றோ கொள்ளப்பட்டால் ஓராண்டுதான். நம்மவர்களிடம் இருக்கும் ஆதாரமோ பெரும்பாலும் ஒரு சீஆர் கொப்பி: பக்கத்துக்குப் பக்கம் சதுர அடியும் ஆட்கணக்கும் ஒழுங்காக இருக்கும், பிரதான ஒப்பந்தகாரர் தரப்பின் கையொப்பம் ஒன்றுகூட இருக்காது. அளவெடுத்த அன்றே அந்தக் கையொப்பத்தை வாங்கிவிட வேண்டும். நிலுவையை ஏற்றுக்கொண்டு அவர் கையொப்பமிட்ட கடிதம் கிடைத்தால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். காசோலை வாங்கி அது திரும்பினால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 53ஆம் அத்தியாயத்தின் கீழ்ச் சுருக்கமுறையில் வழக்கிடலாம். சிறிய தொகைகள் முதலில் மத்தியஸ்த சபைக்கே போக வேண்டும். ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் (பிணக்கை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை) இருந்தால் அதன் செலவைத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முந்தைய பில்லில் உப ஒப்பந்தகாரருக்குரிய பங்கு கொடுபட்டதற்கான பற்றுச்சீட்டைக் காட்டாமல் அடுத்த பில் பாஸாகாது என்ற நிபந்தனையைத் திணைக்களங்கள் எல்லாக் கேள்விப் (டெண்டர்) பத்திரங்களிலும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. வேலை கொடுப்பவரே பெயர் குறித்துச் சேர்க்கும் நியமன உப ஒப்பந்தகாரர்களுக்கு இதையொத்த பாதுகாப்புப் பல ஒப்பந்தங்களில் ஏற்கெனவே உண்டு; அத்திவாரம் வெட்டியவருக்கு மட்டும் ஏன் இல்லை? குறை திருத்துவதற்குப் பிணையாகப் பில்லில் பிடித்து வைக்கும் அவருடைய ரிட்டென்ஷன் காசும் முழுக் கட்டடமும் கையளிக்கப்பட்டு, குறை திருத்தும் காலம் முடியும்வரை கிடக்கிறது. வேலையை ஏற்கும்போதே, தன் பகுதி முடிந்த திகதியிலிருந்து அதைக் கணக்கிடும்படி எழுதி வாங்குவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.