"போகப் போகச் சரியாயிடும்" என்று நானும் சொன்னேன்

என் தம்பி மகனுக்கு அப்போது ஒரு வயது ஏழு மாதம். மொட்டை மாடியில் உட்கார்ந்து தம்பி மனைவி அவனுக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நல்ல நிலா வெளிச்சம். "அந்தா பாரு, நிலா" என்று கையை நீட்டினாள். பிள்ளை அவள் விரலைப் பார்த்தான், வளையலைப் பிடித்து உருட்டினான், நிலா பக்கம் திரும்பவே இல்லை. நாலைந்து தடவை காட்டிப் பார்த்தாள். அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மதினி, எதைக் காட்டினாலும் பாக்க மாட்டேங்கான். ஒரு வயசுல 'தாத்தா', 'கா' எல்லாம் சொன்னாம்லா, இப்ப அதுவும் இல்ல."

நான் சொன்ன பதில்: "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். என் தம்பியே மூணு வயசுலதான் வாயத் திறந்தான். போகப் போகச் சரியாயிடும்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த ஆறுதலில் பத்து மாதம் போய்விட்டது. அதற்கு நானும் ஒரு காரணம் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அவள் அன்று சொன்னது சின்ன விஷயமே இல்லை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை நாம் காட்டும் திசையைப் பார்க்கும். ஒன்றரை வயதுக்குள் தானே விரல் நீட்டி 'அதைப் பாரு' என்று நமக்குக் காட்டும். இது பேச்சுக்கு முந்திய பேச்சு. வந்த சொல் காணாமல் போவது அதைவிடப் பெரிய அறிகுறி. எந்த வயதாக இருந்தாலும், பேசிக்கொண்டிருந்ததையோ செய்துகொண்டிருந்ததையோ பிள்ளை விட்டுவிட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நம் ஆட்களுக்கு இது தெரியாத விஷயமும் கிடையாது. கடவுளையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில் பருவம் பிரித்திருக்கிறார்களே, அதைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் வாக்கில் கையூன்றித் தலைதூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் வாக்கில் கைகொட்டும் சப்பாணி, ஒரு வயதை ஒட்டித் தளர்நடையில் வரும் வருகை, ஒன்றரை வயது வாக்கில் நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. பிள்ளையை உட்கார்ந்து பார்த்தவர்கள் வகுத்த வரிசை அது. எங்கள் வீட்டில் அம்புலி தவறியது. பார்த்தவள் சொன்னாள், கேட்டவர்கள் தட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் வீடுகளிலும் நடந்திருக்கும். நாக்கில் தேன் தடவச் சொன்னார்கள் (ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து, தயவுசெய்து வேண்டாம்). வசம்பு உரசச் சொன்னார்கள். கோயிலுக்கு மணி நேர்ந்துகொண்டார்கள். ஐன்ஸ்டீனே லேட்டாகத்தான் பேசினார் என்று ஒரு மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போய்ப் பார்த்த ஒரு டாக்டரும் "மூணு வயசு வரைக்கும் பாப்போம்" என்றுவிட்டார். இன்னொரு பக்கம், "நீ ஃபோனக் கொடுத்ததாலதான்" என்று பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது. இரண்டு வயதுக்குள் ஃபோன் வேண்டாம் என்பது சரி, குழந்தை மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்காக, முதலில் கவனித்தவளையே குற்றவாளி ஆக்கினால், அடுத்த முறை எதையாவது பார்த்தாலும் அவள் வாய் திறப்பாளா?

கடைசியில் வழி காட்டியது அங்கன்வாடி. 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்கிற, பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டத்தில் ஒரு மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அப்படி வந்த நர்ஸம்மா இவன் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார், திரும்பவில்லை. ஒரு பொம்மையைக் காட்டிப் பார்த்தார். பிறகு தம்பி மனைவியிடம், "உனக்கு ஏதாவது தோணுதாம்மா?" என்று கேட்டார். பத்து மாதத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

முதலில் காது கேட்கிறதா என்று சோதித்தார்கள். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதல் வேலை அதுதான். கதவு அடித்தால் திரும்புகிறான், அதனால் காது நல்லாத்தான் இருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டக் கூடாது, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். கேட்கவில்லை என்று சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி) வைக்க 6 வயது என்று வரம்பு உண்டு, ஆறப்போட்டால் அதுவும் கைவிட்டுப் போகும்.

இவனுக்குக் காது நன்றாக இருந்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். டிஇஐசி என்று கேட்டால் வழி சொல்வார்கள், செலவு இல்லை. என்ன குறை என்று பெயர் வைப்பதற்கு முன்னாலேயே அங்கே பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். அந்த முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். தெரபிஸ்ட் பாயில் உட்கார்ந்து சோப்பு நுரையை ஒரு ஊது ஊதினார். குமிழிகள் உடைந்தன. அடுத்ததை ஊதாமல் குச்சியை உதட்டருகே வைத்தபடி அப்படியே காத்திருந்தார். பிள்ளை குச்சியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், வெகுநேரம் கழித்து அவர் முகத்தைப் பார்த்தான். உடனே ஊதினார். இதை வீட்டில் தினமும் செய்யுங்கள் என்றார். ஒரு புட்டி சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும் என்கிற இந்த வேலையைத்தான் பத்து மாதம் தள்ளிப்போட்டிருந்தோம்.

பேச்சு மட்டும் இல்லை. எங்கள் தெருவில் கைப்பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் ஒரு ஆச்சி இருந்தார். ஒரு பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "தொடைய விரிக்க விடமாட்டேங்குது, கால் கம்பு மாதிரி இருக்கு, டாக்டர்ட்ட காட்டு" என்று அவர்தான் முதலில் சொன்னார். எண்ணெய் தேய்க்கும் கைக்கு அது தெரியும். நாலு மாதம் தாண்டியும் எப்போதும் இறுக மூடிய கை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டி மற்றதை விட்டுவிடுவது, ஐந்து மாதமாகியும் நிற்காத தலை, மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒன்பது மாதமாகியும் தானாக உட்காராதது, இரண்டு வயதில் 'அம்மா வா' மாதிரி இரண்டு சொல்லைச் சேர்க்காதது - இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

அதே நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அலற வேண்டாம். இந்தியாவையும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், நலமான பிள்ளைகள் தனியாக நடந்தது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரவியிருந்தது. பத்து மாதத்தில் நடப்பது சாமர்த்தியமும் இல்லை, பதினைந்தில் நடப்பது குறையும் இல்லை. பதினெட்டைத் தாண்டினால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். குறைமாதப் பிள்ளைக்கு, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்குப் போடுங்கள்.

பிள்ளையின் வளர்ச்சியைச் சரிபார்க்கத் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய ஒரு அட்டவணை இருக்கிறது, இரண்டு வயது வரைக்கும் 17 விஷயங்கள்தான். பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலை நேராக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்திருக்க வேண்டியவற்றில் எதையாவது பிள்ளை செய்யவில்லை என்றால் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் இதைச் செய்தாலே எத்தனையோ பிள்ளைகளுக்கு மாதங்கள் மிச்சமாகும் என்பது என் கருத்து.

உங்கள் வீட்டில் ஒன்றரை வயது ஊசிக்குப் போக வேண்டிய பிள்ளை இருக்கிறதா? புதன்கிழமை போகும்போது, பெயர் சொன்னால் திரும்பாததையோ கால் விறைப்பதையோ ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனதும் பிள்ளை வேறு மாதிரி இருப்பான். ஊசி போட்டதும் எழுந்து வந்துவிடாமல் வீடியோவைக் காட்டிக் கேளுங்கள். பிள்ளையின் அம்மா ஏதோ சரியில்லை என்று சொல்லியிருந்தால், அவளையே பேசவிடுங்கள்.