5 எக்ஸ் ஒய் ஈருறுப்புக் கோவை அல்ல

ஈரோட்டுப் பெற்றோரிடையே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ஒரு கணக்குக் குறிப்பு, ‘5 எக்ஸ் ஒய் என்பதில் இரண்டு மாறிகள் இருப்பதால் அது ஈருறுப்புக் கோவை’ என்கிறது, இது தவறு. உறுப்புகளைப் பிரிப்பவை கூட்டல், கழித்தல் குறிகளே. பெருக்கல் எதையும் பிரிப்பதில்லை. மஞ்சள் மண்டியில் மூட்டைகளின் எண்ணிக்கை, ஒரு மூட்டையின் எடை, கிலோ விலை ஆகிய மூன்றையும் பெருக்கினால் சீட்டில் ஒரே தொகைதான் விழுகிறது; அதுபோல, எத்தனை மாறிகள் பெருக்கலில் சேர்ந்து நின்றாலும் உறுப்பு ஒன்றுதான். அந்தத் தொகையிலிருந்து சுமைக்கூலியைக் கழிக்கும்போதுதான் இரண்டாவது உறுப்பு பிறக்கிறது. 7 என்ற தனி எண்ணும் ஓருறுப்புக் கோவையே. இதைப் பெரியவர்களும் மறந்துவிடுவதுண்டு. ஆனால், 5-ஐ எக்ஸால் வகுத்தால் வருவது ஒற்றை உறுப்பாகவே தெரிந்தாலும், மாறியின் அடுக்கு −1 என்ற குறை எண்ணாகிவிடுவதால், அது ஓருறுப்புக் கோவையில் சேராது.