சினை ஆட்டுக்கு ஊசி போட்டால் குட்டி வீசிவிடுமா?

தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "ஆட்டுக்கொல்லி ஊசி போட்டால் சினை ஆடு குட்டி வீசிவிடும். டாக்டர் வந்தால் ஆட்டைப் பத்திவிடுங்கள்."

தவறு. குட்டி வீச வைப்பது ஊசியல்ல, அந்த ஊசி தடுக்கிற ஆட்டுக்கொல்லி என்ற நோய். கடும் காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், நாற்றக் கழிச்சல், அதோடு சினையும் கலையும். தடுப்பூசியை சினை ஆட்டுக்கும் போடலாம். ஒருமுறை போட்டால் 3 ஆண்டுகளாவது தாங்கும்.

அப்புறம் பழி எப்படி வந்தது? நோய்க்கிருமி உள்ளே புகுந்து நாலைந்து நாள் கழித்துத்தான் நோய் தெரியும். அதற்கு நடுவில் ஊசி விழுந்தால், ஊசியால் வந்தது போலவே இருக்கும். இன்னொன்று, பிடிக்கிற விதம். பின்னங்காலைப் பற்றி இழுத்து, கருவேல வேலியில் மோதவிட்டு அமுக்குவார்கள். (என் முழங்கையிலும் அந்த முள் தழும்பு உண்டு.) நிறைமாத ஆடு இதைத் தாங்காது.

அதனால் நான் ஊசி போடும்போது, சினை ஆட்டைப் பிடிக்கிற வேலையை வளர்த்தவரிடமே விட்டுவிடுவேன். போன முறை ஒரு ஆச்சி ஆட்டின் கழுத்தை முந்தானையோடு அணைத்துக்கொண்டு, "மெதுவாப் போடுங்க தம்பி, இது என் பேத்தி சடங்குக்கு நிக்கிற ஆடு" என்றார். ஊசி இறங்கியதே ஆட்டுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டது ஆச்சிதான்.