வலிப்பு வந்து விழுந்தவரைச் சுற்றி நிற்கும் நமக்கு

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். அரை நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், இன்னொருவர் காலை அமுக்கிப் பிடிப்பார், வேறொருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே நீட்டுவார், நாலு பேர் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். இதில் ஒன்றுகூட விழுந்தவருக்கு உதவாது. செருப்பு விஷயத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. சுயநினைவோடு இருக்கும் எவர் முகத்திலாவது அதை வைப்போமா?

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற பெயர் எப்படி வந்தது என்பது எளிது. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது, பெருமை சாவிக்குப் போகிறது. வெட்டி இழுக்கும் கையில் இரும்பு இருந்தால் அது அவர் கண்ணிலும் பல்லிலும்தான் இடிக்கும். வாய்க்குள் ஸ்பூனோ விரலோ விடுவது அதைவிட மோசம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குப் போகும், விட்டவர் விரலும் கடிபடும். கைகாலை அமுக்கினால் தோள்மூட்டு விலகலாம்.

ஆக, வெளியிலிருந்து நம் கை வலிப்பை நிறுத்தாது. நம்மிடம் மிச்சம் இருக்கும் வேலை, அவருக்கு அடிபடாமலும் மூச்சு அடைக்காமலும் பார்ப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, அவர் மானத்தைக் காப்பது. கடைசியாகச் சொன்னதை நாம் கூடுதல் கருணையாக நினைக்கிறோம். என்னைக் கேட்டால் வலிப்புக்கான முதலுதவியில் பாதி அதுதான்.

விழும்போது அலறுவார், அது வலியால் வரும் சத்தமில்லை. மார்புத் தசைகள் இறுகி, காற்று குரல்நாண் வழியே பீறிடுகிறது. உடல் விறைக்கும், உதடு நீலம் பாயும், பிறகு வெட்டி இழுக்கும். உடனே மணி பாருங்கள். செல்போனுக்கு அங்கே இருக்கும் முதல் வேலை அது. தலைக்கடியில் மடித்த துண்டோ பையோ வையுங்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், பக்கத்தில் கிடக்கும் கல், பெஞ்ச், டீக்கடை அடுப்பு எதுவானாலும் தள்ளிவையுங்கள். நடுரோடு, தண்டவாள ஓரம், தண்ணீர், நெருப்பு என்றால் ஒழிய ஆளை இடம் மாற்ற வேண்டாம்.

கூட்டத்தை விரட்டுவதைவிட அதற்கு வேலை கொடுப்பது நல்லது. ஐந்தாறு பேரை வட்டமாக, முதுகை உள்பக்கம் வைத்து வெளியே பார்த்தபடி நிற்கச் சொல்லுங்கள். திரை கட்டியது போல ஆகிவிடும். விழுந்தவர் பெண் என்றால் அந்த வட்டத்தில் பெண்கள் நிற்கட்டும். சேலை ஏறியிருந்தால் உடம்புக்கடியிலிருந்து பிடித்து இழுக்காதீர்கள். மேலே ஒரு துண்டையோ துப்பட்டாவையோ போட்டால் போதும். இடுப்புக்கட்டை அவிழ்க்க அவசியமே இல்லை. முகத்தை மறைக்கும் துணி அணிந்திருந்தால் மூக்கும் வாயும் தெரிய விலக்குங்கள், தலைத்துணியை எடுக்க வேண்டாம். வலிப்பில் சிறுநீர் பிரிவது சகஜம், அதற்கும் அதே துண்டுதான். முகத்தை மட்டும் எப்போதும் மூடாதீர்கள்; மூச்சும் உதட்டு நிறமும் தெரிய வேண்டும்.

இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கம் இருக்கும் அவர் கையைப் பக்கவாட்டில் நீட்டி, அந்தப் பக்கத்துக் கையின் புறங்கையை இந்தப் பக்கத்துக் கன்னத்தில் சேர்த்துப் பிடித்து, அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கி உங்களை நோக்கி இழுத்தால் உடம்பு தானே திரும்பும். தாடையைச் சற்று உயர்த்தி, வாய் தரையைப் பார்க்க விடுங்கள். எச்சிலும் நுரையும் வெளியே வழிந்துவிடும். குறட்டை போல் மூச்சு வந்தால் பயமில்லை. மூச்சே இல்லை, அல்லது எப்போதாவது ஒரு திணறல்தான் வருகிறது என்றால் அது மாரடைப்பில் இதயம் நின்றதாகவும் இருக்கலாம். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். ஆடையைக் கழற்றாமலே அழுத்தலாம். பெண் என்பதால் தயங்கி நிற்காதீர்கள்.

இழுப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, முதல்முறையாக வருகிறது என்றாலோ தாமதிக்காமல் 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயைச் சிலருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார், கூட வந்தவருக்குத் தெரியும். பையைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால் இன்னொருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, "மருந்துச்சீட்டு தேடுறோம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திறங்கள்.

இனிதான் பலரும் கோட்டைவிடும் இடம். கண் திறந்தவருக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. குழப்பம் அரை மணி நேரம்கூட இருக்கும். எழுந்து நடக்கப் பார்ப்பார், தொட்டால் தள்ளிவிடுவார். அந்த நேரத்தில் "குடிச்சிருக்கான்யா" என்று ஒரு குரல் கிளம்பும். மூட்டை தூக்குபவர் என்றால் "டேய், எந்திரிடா" என்று ஒருமையிலும் ஆரம்பிப்பார்கள். பிடித்து நிறுத்தாதீர்கள், ஆபத்தான பக்கத்தை மறித்துக்கொண்டு கூடவே நடங்கள். ஒரே ஆள் மெதுவாகப் பேசட்டும்: "அண்ணே, பஸ் ஸ்டாண்டுல இருக்கீங்க. வலிப்பு வந்துச்சு, இப்ப நின்னுடுச்சு. நான் பக்கத்துலதான் இருக்கேன்." அதையே நாலைந்து தரம் சொல்ல வேண்டிவரும், மனதில் நிற்காது. பெயர், ஊர், இன்று என்ன கிழமை என்பதற்குத் தெளிவாகப் பதில் வந்த பிறகே தண்ணீர். "இது அடிக்கடி வருமா?" என்பதைக் கூட்டத்துக்கு நடுவே கேட்காதீர்கள். யாருக்குப் போன் பண்ணட்டும் என்று கேளுங்கள், அவர் சொல்லும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள்.

படம் எடுத்தவர்களிடம் அழிக்கச் சொல்ல நான் தயங்க மாட்டேன். இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்த வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். ஊர் இன்னும் நீக்கவில்லை. ஒரு நிமிட வீடியோ ஒரு பெண்ணின் சம்பந்தத்தையும் ஒரு பையனின் வேலையையும் கெடுக்கும். வீட்டார் மருத்துவரிடம் காட்ட எடுப்பது வேறு, அது பயன்படும். அதை எடுக்கும் உரிமை அவர்களுக்குத்தான். "காக்கா வலிப்பு" என்ற பெயரையும் விட்டுவிடலாம்.

உடை நனைந்திருந்தால் கேட்காமலே ஒரு லுங்கியோ நைட்டியோ வாங்கிக் கொடுங்கள். கழிப்பறைக்குப் போனால் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லி வெளியே காவலுக்கு நில்லுங்கள். மறுபடி வந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்கும். கண்ணாடி, பை, செல்போனை எண்ணி அவர் கையில் கொடுங்கள். செருப்பு எங்கேயாவது தள்ளிப்போய்க் கிடக்கும். தேடி எடுத்து வந்து அவர் காலருகில் வையுங்கள்.