இல்லை என்ற பிறகும் மாறாத ஓலை

போன மே மாதம் பிள்ளைகளுக்குக் கல்லூரி லீவு. காரில் கிளம்பினோம். புதுச்சேரி, சிதம்பரம், அப்புறம் தரங்கம்பாடி கோட்டை என்று திட்டம். சீர்காழியை நெருங்கும்போது மனைவி, "இவ்வளவு தூரம் வந்துட்டு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போகாம வர்றதா?" என்றாள். சரி, தையல்நாயகியைக் கும்பிட்டுவிட்டுத் திருச்சாந்துருண்டை பிரசாதம் வாங்கி வரலாம் என்று வண்டியை அந்தப் பக்கம் விட்டேன்.

ஊருக்குள் வேகத்தைக் குறைத்ததுமே பைக்கில் ஒருவர் ஜன்னலோரம் வந்துவிட்டார். "சார், நாடி பாக்கணுமா?" கட்டைவிரல் ரேகையை வைத்து, அகத்தியர் போன்ற முனிவர்கள் எழுதியதாகச் சொல்லும் ஓலைகளில் நம்முடையதைத் தேடி எடுத்துப் பலன் சொல்லும் நாடி ஜோதிடம். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை ரொம்ப நாளாக உண்டு.

அவரோடு போனேன். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது. என் ரேகையை வாங்கிக்கொண்டு உள்ளே போன ஜோதிடர் அரை மணி கழித்து ஓலைக்கட்டோடு வந்தார். ராகமாகப் படிப்பார், நாம் ஆமாம், இல்லை மட்டும் சொல்ல வேண்டும். "தாயார் பெயர் அம்மன் பெயரா?" ஆமாம். "தகப்பனார் அரசு உத்தியோகமா?" இல்லை. இல்லை என்றால் அது நம் ஓலை அல்ல, அடுத்ததைப் புரட்டுவார். இப்படியே நாற்பது ஐம்பது கேள்வி. கடைசியில் என் பெயரைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் துண்டு துண்டாகக் கொடுத்ததைத்தானே சேர்த்துத் திருப்பித் தருகிறார்!

அப்புறம், "உங்களுக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன ஆண்பிள்ளை ஒன்று உண்டு" என்றார். இல்லை என்றேன், நான்தான் மூத்தவன். "வீட்டில் கேளுங்கள்" என்றவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்த ஒரு தடவை மட்டும் ஓலை மாறவில்லை.

குளத்தங்கரையில் நின்று அம்மாவுக்கு போன் போட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "உனக்கு யாரு சொன்னா?" என்றாள். மே மாத வெயிலில் எனக்குக் கை சில்லிட்டது.

ராத்திரி லாட்ஜில் தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. நான் பிறந்ததும் அதையொட்டித்தான். என் நரையைப் பார்த்தே அவர் அந்தக் கல்லை எறிந்திருக்கலாம். பட்டால் அகத்தியர் வாக்கு, படாவிட்டால் 'வீட்டில் மறைத்துவிட்டார்கள்'. இரண்டிலும் அவருக்கு நஷ்டமில்லை. செத்த பிள்ளைக்குச் சாந்தி காண்டம், தீட்சை காண்டம் என்று பரிகார ஓலைகளுக்கு எங்கள் மொத்தப் பயணச் செலவையும் மிஞ்சும் ஒரு தொகையைச் சொன்னாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கட்டவில்லை.

அவரை நன்றாகத் திட்டித்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன். முழுசாகத் திட்ட முடியவில்லை. அம்மா அன்று முக்கால் மணி நேரம் பேசினாள். பதினோரு நாள் இருந்தானாம். பேர் வைக்கவில்லை. அப்பாவும் அவளும்கூட அதற்கப்புறம் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லையாம். போனை வைக்கப் போகும்போது, "உனக்கு அப்படியே அவன் காதுடா" என்றாள்.