ஊசி புதுசுதான், சரி. கை?

ஊசியால் புருவத்தில் நிறம் ஏற்றும் பெர்மனென்ட் மேக்கப் வீடியோ ஒன்றை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "சீல் பிரிக்காத ஊசி, உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறோம்" என்று கேமராவில் காட்டினார்களே, அதேதான். பிரித்தார்கள், சந்தோஷம். 40வது நொடியில், ரத்தம் துடைத்த அதே கிளவுஸோடு போனை எடுத்து வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் புருவத்தில் கைவைத்தார்களே, அது ஒருவர் கண்ணிலும் படவில்லையா? கீழே இதயமாகக் கொட்டிக் கிடக்கிறது. "கிளவுஸை மாற்றியிருக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பொறாமையாம்.

சரி, பொறாமைக்காரி சொல்வதையும் கேளுங்கள்.

ஊசி தோலைத் திறந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த இடத்தைத் தொடுகிற எதுவும் உள்ளே போகலாம்: கிளவுஸ், பிக்மென்ட் (தோலில் ஏற்றும் நிற மை), தண்ணீர், மெஷின். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில்கூடக் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். உங்கள் போன் திரையும் ஒரு பரப்புதான்.

பிக்மென்ட்டைச் சின்னக் கப்பில் சில துளி மட்டும் ஊற்ற வேண்டும், மிச்சம் குப்பைக்கு. பாதியில் தீர்ந்துபோனால் கிளவுஸைக் கழற்றி, கை கழுவி, புதுசு போட்ட பிறகுதான் பாட்டிலைத் தொடலாம். பிக்மென்ட்டை இளக்குவதற்குக் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. டிஸ்டில்டு வாட்டரும் வேண்டாம். டிஸ்டில்டு வேறு, ஸ்டெரைல் (கிருமியே இல்லாதது) வேறு. 2011-12இல் அமெரிக்காவில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. கிருமி இருந்தது மையில். அதை இளக்கச் சேர்த்த தண்ணீர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஊசி அங்கேயும் புதுசாகவே இருந்திருக்கும்!

மெஷினில் மாட்டும் ஊசிக் கூடான கார்ட்ரிட்ஜுக்குள் சவ்வு இல்லையென்றால் ரத்தமும் பிக்மென்ட்டும் பின்னோக்கி ஏறி மெஷினுக்குள் போகலாம். அடுத்த கிளையன்ட்டுக்கும் சீல் பிரித்துத்தான் மாட்டுவீர்கள், அதே மெஷினில். அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கு ஆள் மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

"நாங்க எல்லாத்தையும் யூவி பெட்டியில வைக்கிறோம்" என்று ஒருவர். அந்தப் புற ஊதா ஒளி, கிருமிகளை முழுசாக ஒழிக்கும் ஸ்டெரிலைசேஷன் இல்லை. ஒளி படாத மடிப்பில் ஒன்றுமே நடக்காது. மறுபடி பயன்படுத்தும் உலோகக் கருவி என்றால் நன்றாகக் கழுவி, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம், உறையில் போட்டால் இன்னும் கூடுதலாக. அந்த ஆட்டோகிளேவ் வேலை செய்கிறதா என்று ஸ்போர் டெஸ்ட் (எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துச் செத்ததா என்று பார்ப்பது) வேறு போட வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பு ஸ்மைலி வருகிறது.

"இத்தனை வருஷமா செய்றோம், யாருக்கும் எதுவும் ஆகல." ஹெபடைடிஸ் பி தலைகாட்டவே 2 முதல் 5 மாதம் பிடிக்கலாம். ஹெபடைடிஸ் சி பல வருஷம் சத்தமே போடாது. அந்த மனிதருக்கு உங்கள் நாற்காலி ஞாபகத்துக்கு வருமா என்ன?

செலவு என்கிறவர்களுக்கு: இந்த மேஜையிலேயே மலிவான பொருள் கிளவுஸ்தான்.

உதட்டுக்கு நிறம் ஏற்ற வருகிறவரிடம் "வாயோரம் எப்போதாவது கொப்புளம் வருமா?" என்று கேட்கிறீர்களா? அந்தக் கொப்புளத்தைக் கொண்டுவரும் ஹெர்பீஸ் வைரஸ் இருந்தவருக்கு ஊசி பட்டதும் அது மறுபடி கிளம்பலாம். முன்கூட்டியே டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கியிருக்க வேண்டும். கண் ஓரத்தில் கண்ட மரப்பு க்ரீமையும் தடவுகிறீர்கள். கண்ணுக்குள் வழிந்தால் கருவிழியே புண்ணாகலாம். இதையெல்லாம் கேட்டால் கூட்டம் குறைந்துவிடுமாம். கேட்கிறவர்களுக்குக் குறையத்தான் செய்கிறது, தெரியும்.

என் கமெண்ட்டை நேற்று ராத்திரி நீக்கிவிட்டார்கள். வீடியோ அங்கேயேதான் இருக்கிறது. 40வது நொடியும்.